துளை பூஜ்யம்

லென்ஸ் இல்லாமலே படம் எடுத்தவள் என்கிற பேர் எமில்டாவுக்கு வந்து சேர்ந்தது இந்த வருசக் கோடையில்தான். வைத்தது ஊர்க்காரர்கள் இல்லை. தருவைகுளத்தில் பட்டப்பேர் வைக்கிறவர்கள் ஆளைப் பார்த்துப் பொருத்தமாகத்தான் வைப்பார்கள். இதை வைத்தது கவர்மெண்டு. தேதி போட்டு, முத்திரை குத்தி, பச்சை மையில் கையெழுத்தும் போட்டு வைத்தது.

கோயில் தெருவில் பாதி வீடுகளின் சுவரில் தொங்குவது அவள் எடுத்த படம்தான். ஞானஸ்நானம், புதுநன்மை, கல்யாணம், அடக்கம் எல்லாவற்றுக்கும் எமில்டாவைத்தான் கூப்பிடுவார்கள். கேமரா இந்தக் காலத்துக் கேமரா. யாரோ வைத்திருந்து விற்றதை வாங்கினாள். அதற்கென்று கம்பெனிக்காரன் போட்டிருக்கும் நல்ல லென்ஸ் அவள் கைக்கு எட்டுகிற இடத்தில் இல்லை. எட்டாததை நினைத்து அவள் ஏங்கவும் இல்லை. அவளிடம் ஏற்கெனவே ஒரு லென்ஸ் இருந்தது.

அது ரஷ்யாக்காரன் லென்ஸ். அவள் அப்பா ஹார்பரில் லாஞ்சு ஓட்டியவர். வெளியே நங்கூரம் போட்டு நிற்கும் கப்பல்களுக்கு ஆள் ஏற்றிப்போய் இறக்குவார். அப்படி ஒரு கப்பலின் மாலுமி, இடுப்பில் கட்டுகிற சாரம் ஒன்றையும் ஒரு தார் வாழைப்பழத்தையும் வாங்கிக்கொண்டு தன் கேமராவைக் கழற்றிக் கொடுத்துவிட்டான். ஏமாந்தது அவனா தானா என்று அப்பா கடைசிவரை முடிவு பண்ணவில்லை. அந்தக் கேமரா உப்புக்காற்றில் செத்து எத்தனையோ வருசம் ஆகிவிட்டது. லென்ஸ் சாகவில்லை. அதைத் துணியில் சுற்றி, பிஸ்கட் டப்பாவில், வறுத்த அரிசிக்கு நடுவே வைத்திருப்பாள் எமில்டா. அரிசி ஈரத்தை இழுத்துக்கொள்ளும். இல்லையென்றால் கடற்கரையில் கண்ணாடிக்குள்ளேயே பூஞ்சை பூத்துவிடும். மாதம் ஒருமுறை அரிசியை மாற்றுவாள்.

பழைய லென்ஸைப் புதுக் கேமராவில் மாட்ட நடுவில் ஒரு வளையம் வேண்டும். அடாப்டர் என்பார்கள். தூத்துக்குடியில் கேமரா ரிப்பேர் பார்க்கும் ராஜதுரை அண்ணாச்சி அதை வரவழைத்துக் கொடுத்தார். வெறும் உலோக வளையம். மற்ற லென்ஸ்களில் இருக்கிற மாதிரி கேமராவோடு பேசுகிற மின்சாரப் புள்ளிகள் ஒன்றும் அதில் கிடையாது. அதனால் தன் முகத்தில் என்ன மாட்டியிருக்கிறது என்று கேமராவுக்கே தெரியாது. முதல் நாள் மாட்டியதும் ‘லென்ஸ் இல்லை’ என்று திரையில் எழுதிக் காட்டிவிட்டு, பொத்தானை எத்தனை அமுக்கினாலும் அசைய மாட்டேன் என்று அடம்பிடித்தது. அண்ணாச்சி உள்ளே எங்கெங்கோ தேடி, லென்ஸ் இல்லாமலும் படம் எடுக்க விடலாமா என்ற கேள்வியைக் கண்டுபிடித்து, விடலாம் என்று மாற்றிக் கொடுத்தார். பழைய லென்ஸ் மாட்டுகிறவர்கள் உலகம் பூராவும் செய்கிற காரியம். இதில் ஒளிவும் இல்லை, மறைவும் இல்லை.

அந்த லென்ஸில் எல்லாம் கைவேலைதான். முகத்துக்கு நேராக வளையத்தைத் திருகிக்கொண்டே போக வேண்டும். பிடிக்க வேண்டிய இடம் பிடிபட்டதும் திரையில் இமையோரத்தில் சிவப்புக் கோடு ஓடும். அந்த இடத்தில் மூச்சைப் பிடித்து அமுக்க வேண்டும். வெளிச்சம் போகிற துளையைப் பெரிதாக்குவதும் சிறிதாக்குவதும் இன்னொரு வளையம். சிறிதாக்கினால் முன்னாலும் பின்னாலும் எல்லாம் துலக்கமாக விழும். பெரிதாகத் திறந்தால் ஆள் மட்டும் பளிச்சென்று நிற்க, பின்னால் இருப்பதெல்லாம் சுழித்துக் கரைந்துபோகும். கல்யாணப் பெண்களுக்கு அந்தச் சுழிப்பு ரொம்பப் பிடித்தது.

மே மாதம் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை, மகள் ஜாய்க்குப் புதுநன்மை, முதல்முதலாக நற்கருணை வாங்குகிற நாள். பூசையும் வீட்டில் காலைச் சாப்பாடும் முடிந்து, பிள்ளை வெள்ளைக் கவுனும் பூமுடியும் மெழுகுவர்த்தியுமாகக் கடற்கரைக்கு வந்தாள். புதுநன்மை வாங்கிய பிள்ளையைத் தகப்பன் வள்ளத்தோடு நிறுத்திப் படம் எடுப்பது அங்கே வழக்கம். ஞாயிற்றுக்கிழமை ஒருத்தரும் கடலுக்குப் போவதில்லை. ஆகவே எல்லா வள்ளமும் கரையில் இருக்கும். அவள் புருசன் மனுவேலின் பைபர் வள்ளம் ‘ஆரோக்கியமாதா’வும் மணலில் ஏறி உட்கார்ந்திருந்தது. எமில்டா வழக்கம்போலத் துளையை அகலத் திறந்து வைத்துக்கொண்டு நின்றாள். மனுவேல் விடவில்லை. பிள்ளையின் முகம் எவ்வளவு தெளிவோ அவ்வளவு தெளிவாக வள்ளத்தின் பேரும் நம்பரும் விழ வேண்டும் என்றான். பெண்சாதியைவிட வள்ளத்தின் மேல் பிரியம் கூடுதல் என்று அவள் சொல்லிக் காட்டிவிட்டு, துளையைச் சுருக்கி எட்டில் வைத்தாள். எட்டில் வைத்தது அவள் விரலுக்குத் தெரியும். கேமராவுக்குத் தெரியாது. படத்தில் விழுந்த நேரம் பத்து பதினேழு.

பன்னிரண்டு நாள் கழித்து நோட்டீஸ் வந்தது. அதே ஞாயிறு காலை பத்து இருபதுக்கு, போகக் கூடாத தீவை ஒட்டி வலை போட்டதாகவும், விசாரணை முடியும்வரை ‘ஆரோக்கியமாதா’ கடலில் இறங்கக் கூடாது என்றும், குற்றம் உறுதியானால் வள்ளத்தின் பதிவே ரத்தாகும் என்றும் எழுதியிருந்தது.

கடலைப் பார்த்துக்கொள்ள ஆபீசுகளுக்கு அங்கே குறைவில்லை. மீனுக்கு ஒன்று, தீவுக்கு ஒன்று, கரைக்கு ஒன்று, காவலுக்கு ஒன்று. இது எந்த ஆபீஸ் என்பது இங்கே வேண்டாம். எல்லாவற்றிலும் மின்விசிறி ஒரே சத்தம்தான் போடும். அங்கே அதிகாரியாக இருந்தவர் சிவபாலன், உடன்குடிப் பக்கத்துக்காரர். முதல் விசாரணைக்கு மனுவேல் தனியாகப் போனான். ரோந்துப் படகில் போனவர்கள் போனில் எடுத்த படம் ஒன்றைக் காட்டி, இது உன் வள்ளமா என்று கேட்டார் சிவபாலன். நீல வள்ளம், வெள்ளைக் கோடு. மனுவேல் பார்த்துவிட்டு, நம்ம வள்ளம் மாதிரித்தான் இருக்கு என்று சொன்னான். அந்தக் கரையில் எவனைக் கேட்டாலும் அப்படித்தான் சொல்லியிருப்பான். பைபர் வள்ளம் அத்தனையும் ஒரே அச்சில் வார்த்தது; எல்லாம் எல்லாம் மாதிரித்தான் இருக்கும். அவர்கள் எழுதிக்கொண்டது, ‘தன் படகு என ஒப்புக்கொண்டார்.’ கீழே மனுவேல் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தான்.

“மாதிரின்னா மாதிரிதானளா,” என்றான் வீட்டுக்கு வந்து.

“எழுதுனவனுக்கு அது தெரியலயே. வாசிச்சிப் பாத்திட்டா கையெழுத்துப் போட்டிய?”

“அம்புட்டுப் பெரிய ஆபீசரு உக்காந்திருக்காரு. அவரு முன்னால எழுத்துக்கூட்டி வாசிச்சிட்டு நிக்கச் சொல்லுதியா?”

எமில்டாவுக்குக் கோபம் வந்தது. அதுவும் அவன்மேல் பாதி, மற்றவர்கள்மேல் பாதி என்று பங்கு பிரிக்க முடியாத கோபம்.

பெரிய விசைப்படகுகளுக்குத் தடைக்காலம் நடக்கிற மாதம் அது. சின்ன வள்ளங்களுக்கு அப்போதுதான் நல்ல வேட்டை. கச்சான் காற்று மண்ணை வாரி அடித்தாலும் விடியும் முன்னே ஊரே இறங்கிப்போய் நண்டும் ஊளியும் சீலாவுமாக வந்து இறங்கியது. மனுவேல் கரையில் நின்று மற்றவர்கள் வள்ளத்துக்குத் தள்ளுகொடுத்தான். நல்ல மீன்பாடு கண்டவர்கள் இரக்கப்பட்டு நாலு நண்டைக் கையில் கொடுக்க வந்தால், வேண்டாம் என்று வேறு பக்கம் நடந்தான். காசு கொடுத்து மீன் வாங்க ஒருநாள் எமில்டா பையை எடுத்தாள். வாங்கின மீன் என் வயிற்றுக்குள் போகாது என்று சொல்லிவிட்டான். ஆக, மீன்காரன் வீட்டில் மூன்று வாரம் கத்திரிக்காய்க் குழம்பும் தேங்காய்த் துவையலும். ஜாய் தட்டைப் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் தின்றாள். கேட்டிருந்தால்கூடத் தேவலை போலிருந்தது எமில்டாவுக்கு.

கோயில் சாமியாரிடம் கடிதம் வாங்கிப் போனார்கள். பூசை எட்டு மணிக்கு முடிந்துவிட்டதே, பத்து மணிக்கு அவன் எங்கே இருந்தான் என்று சாமியாருக்கு எப்படித் தெரியும் என்றார் சிவபாலன். தெருக்காரர்கள் ஆறு பேர் வந்து சொன்னார்கள். எல்லாம் உன் ஊர்க்காரன்தானே என்றார். ஞாயிற்றுக்கிழமை எந்த வேதக்காரன் சார் கடலுக்குப் போவான் என்று மனுவேல் கேட்டதற்கு, சட்டத்தில் ஞாயிற்றுக்கிழமை என்று ஒன்றும் இல்லை என்றார். அவரும் ஞாயிற்றுக்கிழமை ஆபீசுக்கு வருவதில்லை என்பது வேறு விஷயம்.

பிறகுதான் எமில்டா தன் படத்தைக் கொண்டுபோனாள். பிரிண்ட் ஒன்று, கேமராவில் இருந்த கோப்பு அப்படியே ஒன்று. வெள்ளைக் கவுனில் பிள்ளை, பக்கத்தில் தகப்பன், பின்னால் மணலில் வள்ளம், ‘ஆரோக்கியமாதா’, நம்பரின் கடைசி நான்கும் 1388 என்று எண்ணெய்ப் பூச்சின் விரிசலோடு தெரிந்தது. அன்றைக்குத்தான் ரோந்துக்காரர்களின் போன் படத்தையும் அவள் நன்றாகப் பார்த்தாள். ஆபீஸில் எழுதுகிற உமாராணி இரக்கப்பட்டுக் கம்ப்யூட்டரில் பெரிதாக்கிக் காட்டினாள். அரை மைல் தூரத்திலிருந்து போனில் இழுத்து எடுத்த படம். இப்போதைய போன்கள் தூரத்தில் தெரியாததை விட்டுவிடுவதில்லை. இப்படித்தான் இருக்கும் என்று தாமாகவே நினைத்து வரைந்து நிரப்பிவிடுகின்றன. அதில் எண்கள் கரும்பலகையில் வாத்தியார் எழுதியதுபோலக் குண்டுகுண்டாக, வழுவழுப்பாக இருந்தன. கடைசி எட்டு, ஆறாகவும் இருக்கலாம், மூன்றாகவும் இருக்கலாம். வள்ளத்தின் பேர் இருக்க வேண்டிய இடத்தில் தமிழும் இல்லாத, இங்கிலீசும் இல்லாத, எழுத்து மாதிரி ஏதோ ஒன்று நெளிந்து கிடந்தது.

“இது எழுத்தே இல்லயே அக்கா,” என்றாள் எமில்டா.

உமாராணி கதவைப் பார்த்துவிட்டு, எனக்கும் தெரியுது என்பதுபோலத் தலையை மட்டும் ஆட்டினாள்.

இரண்டு படங்களையும் அவர்களுடைய கம்ப்யூட்டர் பிரிவில் அனிஷ் என்கிறவரிடம் சோதனைக்குக் கொடுத்தார்கள். அவர் இயந்திரம் சொன்னதை எழுதிக் கொடுத்தார். போன் படத்தில் எல்லா விவரமும் முழுமையாக உள்ளது. எமில்டாவின் படத்தில், லென்ஸ்: இல்லை. துளை: பூஜ்யம். குவியத் தூரம்: பூஜ்யம். இதன் அடியில் சிவபாலன் தன் பங்குக்குப் பச்சை மையில் எழுதினார்: ‘லென்ஸ் இல்லாமல் எடுக்கப்பட்டதாகக் காணும் இப்படத்தை உண்மையென ஏற்க இயலாது. புனைந்ததெனக் கருதப்படுகிறது.’

கேமராவின் கடிகாரத்தைத் திருத்திவைக்கலாமே என்று கேட்டிருந்தால்கூட ஒரு ஞாயம் இருந்திருக்கும். அதை ஒருத்தரும் கேட்கவில்லை. இல்லாத எழுத்தைத் தானே வரைந்துகொண்ட படம் உண்மை. இருந்ததை இருந்தபடி வாங்கிவைத்த படம் புனைவு. எமில்டா நகலை வாசித்து முடித்து, மடித்துப் பையில் திணித்தாள். பிள்ளையின் புதுநன்மைப் படத்தைப் பார்த்துப் புனைவு என்று எழுதியிருக்கிறான். அவன் வீட்டுக் கல்யாணப் படத்தைப் பார்த்து எவனாவது இப்படி எழுதினால் பொறுப்பானா என்று பஸ்ஸில் வரும் வழியெல்லாம் மனுவேலிடம் கேட்டுக்கொண்டே வந்தாள். பக்கத்து சீட்டுக்காரர்கள் இது ஏதோ கல்யாண வீட்டுச் சண்டை என்று நினைத்துக்கொண்டார்கள்.

கடைசி விசாரணைக்குக் கேமராவைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, பிஸ்கட் டப்பாவையும் பையில் எடுத்துக்கொண்டு அவளே உள்ளே போனாள். மனுவேலை வெளியே வேப்பமரத்தடியில் நிறுத்திவிட்டாள். அவன் உள்ளே வந்தால் மறுபடி ‘மாதிரி’ என்று எதையாவது சொல்லிவைப்பான்.

லென்ஸைக் கழற்றி மேசைமேல் வைத்தாள். அடாப்டரைக் கழற்றி அதன் பக்கத்தில் வைத்தாள். மறுபடி மாட்டிக் காட்டினாள். புள்ளி இல்லாததால் கேமராவுக்குச் சேதி போகாது, அதனால்தான் பூஜ்யம் என்று மூன்று தரம் சொன்னாள். சிவபாலன் கெட்ட மனிதர் இல்லை. அடுத்த கோப்புக்கு நேரமாகிறதே என்கிற மனிதர்.

“இங்க பாரும்மா, நான் டெக்னிக்கல் ஆளு கெடயாது. ரிப்போர்ட் என்ன சொல்லுதோ அதத்தான் நான் பாக்க முடியும். தொள பூஜ்யம்னு போட்டிருக்கு. தொளயே இல்லாம வெளிச்சம் எப்படி உள்ள போவும்? நீயே சொல்லு.”

எமில்டா கேமராவைக் கண்ணுக்குக் கொண்டுபோனாள். வளையத்தைத் திருகினாள். அவருடைய மூக்குக்கண்ணாடி விளிம்பில் சிவப்புக் கோடு ஓடியது. அமுக்கினாள். பின்னால் சுவர்க்கடிகாரம் மூன்று ஐந்து காட்டியது. அதுவும் சேர்ந்து விழுந்தது.

“இந்தா பாருங்க சார். லென்சு இல்ல. தொள பூஜ்யம். ஒங்க ரிப்போர்ட்டுப்படி நீங்க இந்த நாக்காலில இல்ல.”

உமாராணி எழுதுவதை நிறுத்திவிட்டாள். சிவபாலனுக்கு முகம் கறுத்தது. ஆபீசுக்குள் வந்து அதிகாரியை அனுமதி இல்லாமல் படம் எடுப்பது எவ்வளவு பெரிய தப்பு தெரியுமா என்றார். உடனே அதை அழி என்றார்.

“புனைஞ்ச படத்த எதுக்கு சார் அழிக்கணும்? இல்லாத லென்சுல எடுத்தது. அது யாரயும் ஒண்ணும் செய்யாது.”

“எதுத்துப் பேசுதியா? உமாராணி, அந்தக் கேமராவப் பறிமுதல் பண்ணுங்க. லிஸ்ட் போட்டுக் கையெழுத்து வாங்குங்க.”

கேமரா போனால் வெள்ளிக்கிழமை கல்யாணம் போச்சு. பெண்ணுக்கு அவள் வாக்குக் கொடுத்திருந்தாள். ஆனாலும் கழுத்து வாரைத் தானே கழற்றி மேசையில் வைத்தாள். உமாராணி ஒரு தாளை எடுத்து, ‘கேமரா – 1’ என்று எழுதினாள்.

“அக்கா, லென்ச தனியா எழுதுங்க,” என்றாள் எமில்டா. “அதுக்கு நம்பரு இருக்கு. உள்விளிம்புல பாருங்க. நாளைக்கு மாறிப்போயிருச்சின்னா நான் யாருட்ட போயி கேக்க?”

அவள் கேட்டது ஞாயம்தான் என்பதால் சிவபாலன் எழுதச் சொன்னார். உமாராணி மெதுவாக, வெகு சுத்தமான கையெழுத்தில் எழுதினாள். ‘கேமராவில் பொருத்தப்பட்டிருந்த பழைய லென்ஸ் – 1’, அதன் நம்பர், ‘அடாப்டர் – 1’. காரணம் என்கிற இடத்துக்கு வந்ததும் பேனாவை நிறுத்தி அதிகாரியைப் பார்த்தாள். ‘மேற்படி கருவிகளைக்கொண்டு அலுவலரை அனுமதியின்றிப் புகைப்படம் எடுத்ததால்’ என்று அவர் வாயாலேயே சொன்னார். நேரம் மூன்று ஐந்து என்று போடுங்க, சரியாக இருக்க வேண்டும் என்றும் சொன்னார். பிறகு பச்சை மையில் கையெழுத்துப் போட்டு, முத்திரை குத்தி, நகலை எமில்டாவிடம் நீட்டினார். உமாராணி தலையைக் குனிந்துகொண்டு, அவசியமே இல்லாமல் மேசை டிராயரைத் திறந்து எதையோ தேடினாள்.

எமில்டா கதவு வரை போய்விட்டுத் திரும்பி வந்து, பிஸ்கட் டப்பாவைத் திறந்து மேசைமேல் வைத்தாள்.

“லென்ச இதுக்குள்ள வச்சிருங்க சார். வறுத்த அரிசி. வெளிய கெடந்தா பூஞ்ச பிடிச்சிரும். இதயும் லிஸ்ட்ல சேத்துருங்க.”

சேர்த்தார்கள். ‘அரிசி டப்பா – 1’.

வேப்பமரத்தடியில் மனுவேல் முதலில் பார்த்தது அவள் வெறுங்கழுத்தை. கேமராவையும் பிடுங்கிக்கிட்டானுவளா என்று அவன் குரல் உடைந்தது. எமில்டா தாளைக் கொடுத்து, இதையாவது எழுத்துக்கூட்டி வாசியுங்க என்றாள். அவன் வாசித்தான். இரண்டாம் தரம் வாசிக்கும்போது சத்தம் போட்டே வாசித்தான்.

“ஏளா, அந்தாளே லென்சு இருக்குன்னு கையெழுத்துப் போட்டுத் தந்திருக்காரே.”

“படமும் விழும்னு தந்திருக்காரு. நேரத்தோட.”

மறுநாள் காலை மேலாபீஸ் திறந்ததும் இரண்டு தாளையும் சேர்த்து அப்பீல் கொடுத்தார்கள். லென்ஸ் இல்லை என்று ஒரு பச்சைக் கையெழுத்து. லென்ஸ் இருக்கிறது, படம் எடுக்கிறது என்று அதே கையின் இன்னொரு பச்சைக் கையெழுத்து. அங்கே இருந்த அதிகாரி அம்மா இரண்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, போன் படத்தையும் வாங்கிப் பார்த்தார்.

ஒன்பதாம் நாள் உத்தரவு வந்தது. ‘சந்தேகத்தின் பலனை அளித்து, இனி இவ்வாறு நிகழாதிருக்க எச்சரித்து, படகு விடுவிக்கப்படுகிறது.’

மனுவேல் அதை நெஞ்சில் வைத்துக் கும்பிட்டான். எமில்டாவுக்கு வந்ததே ஒரு ஆத்திரம். எவ்வாறு நிகழாதிருக்க? ஞாயிற்றுக்கிழமை பிள்ளையோடு கரையில் நிற்காதிருக்கவா? யார்மேல் யாருக்குச் சந்தேகம்? தப்பாக எழுதினோம் என்று எழுத ஒரு வரி போதும். அந்த ஒரு வரிக்கு மட்டும் கவர்மெண்டில் மை கிடையாது. விடுளா, வள்ளம் எறங்குனா போதும் என்றான் மனுவேல். வள்ளம் இறங்கியது. மறுநாள் வீட்டில் நண்டுக் குழம்பு கொதித்தது. ஜாய் இரண்டு கையாலும் தின்றாள். எமில்டாவும் தின்றாள், கோபம் குறையாமலே தின்றாள்.

கேமராவை வாங்க அவள் போனபோது சிவபாலன் இடத்தில் இல்லை. உமாராணிதான் கொடுத்தாள். லென்ஸ் டப்பாவுக்குள்ளேதான் இருந்தது. யாரும் சொல்லாமலே உமாராணி ஒருமுறை அரிசியை மாற்றி வறுத்துப் போட்டிருந்தாள். எமில்டா லென்ஸை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். கண்ணாடி சுத்தமாக இருந்தது.

பெற்றுக்கொண்டேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட உமாராணி பதிவேட்டைத் திருப்பி வைத்தாள். எமில்டா நின்றபடியே, ஒவ்வொன்றாக, அழுத்தி எழுதினாள். கேமரா ஒன்று. அடாப்டர் ஒன்று. அரிசி டப்பா ஒன்று.

லென்ஸ் ஒன்று. அந்த ஞாயிற்றுக்கிழமையும் இருந்தது.